வெளியீட்டைத் தள்ளிவையுங்கள், கடைப்பக்கத்தை இந்த மாதமே திறங்கள்

ஏரிப் பாசனத்தை அடிப்படையாக வைத்து, மதகுகளைத் திறந்து மூடி வயல்களுக்கு நீர் பாய்ச்சும் புதிர் கேம் ஒன்றைத் தனி ஆளாக உருவாக்கியிருக்கிறீர்கள். வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு மாதத்தில், கணினிக் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வெளியிட எண்ணம், விளம்பரத்துக்குப் பணம் இல்லை என்கிறீர்கள். பதிப்பாளர் ஒருவரைத் தேட வேண்டுமா, நீங்களே வெளியிட்டுவிடலாமா, கடைப்பக்கத்தை வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னதாகத் திறந்தால் போதுமா, வாங்குபவர்களை எப்படிச் சென்றடைவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களே வெளியிடலாம். ஆனால் இரண்டு மாதத்தில் வெளியிட வேண்டாம். தேதியை ஆறு மாதமாவது தள்ளிவைத்துவிட்டு, கடைப்பக்கத்தை இந்த மாதமே திறந்துவிடுங்கள். ஸ்டீமில் ஒரு கேமின் விற்பனை பெரும்பாலும் வெளியீட்டு நாளுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பதால்தான் இப்படிச் சொல்கிறேன். கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த ஒன்றை விளக்கத்தான்.

முதலில் கடையின் விதிகள். வால்வ் நிறுவனம் 2003இல் ஸ்டீமைத் தொடங்கியபோது வெளியாட்களின் கேம்கள் உள்ளே வருவது அரிது. 2012இல் வந்த கிரீன்லைட் முறையில் பயனர்கள் வாக்களித்துக் கேம்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2017 ஜூனில் அதையும் எடுத்துவிட்டு ஸ்டீம் டைரக்ட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். இப்போது ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். கேம் 1,000 டாலர் ஈட்டியதும் அந்தத் தொகை திரும்பக் கிடைத்துவிடும். கதவு இப்படித் திறந்ததன் விளைவாக 2024இல் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் ஸ்டீமில் வெளியாயின. கடைக்குள் நுழைவது எளிதாகிவிட்டது. நுழைந்தபின் கண்ணில் படுவதுதான் கடினம். கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழிந்த பிறகுதான் வெளியிட முடியும். 'விரைவில் வருகிறது' என்ற நிலையில் கடைப்பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது பொதுவில் இருந்திருக்க வேண்டும். பக்கத்தையும், பில்ட் எனப்படும் கேமின் கோப்புகளையும் வால்வ் ஊழியர்கள் தனித்தனியே சரிபார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் சில வேலைநாட்கள் ஆகும், குறை கண்டால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே நீங்கள் நினைத்த ஒரு வாரம் என்பதற்கு விதியே இடம் தராது. விதி இடம் தந்திருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பின்னர் வாங்க நினைக்கும் கேம்களை ஒருவர் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் என் காரணம் விளங்கும். உங்கள் பக்கத்தைப் பார்த்த ஒருவர் அதை விஷ்லிஸ்ட்டில் சேர்த்தால், கேம் வெளியாகும் நாளில் ஸ்டீமே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். பின்னாளில் 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி கொடுத்தால் அப்போதும் அனுப்பும். நீங்கள் ஒரு காசு செலவழிக்காமல், உங்கள் கேமை விரும்பிய ஒவ்வொருவரையும் மீண்டும் கடைக்கு அழைத்துவரும் ஏற்பாடு இது. அதைவிடப் பெரிய பயனும் ஒன்று உண்டு. வெளியீடு நெருங்கும்போது, போதுமான விஷ்லிஸ்ட் சேர்ந்த கேம்களை ஸ்டீம் தன் முகப்பில் 'அதிகம் எதிர்பார்க்கப்படுபவை' என்ற பட்டியலில் காட்டுகிறது. அதற்கு எத்தனை வேண்டும் என்று வால்வ் எந்த எண்ணையும் அறிவித்ததில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 7,000 முதல் 10,000 வரை என்று தங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஏறிய கேமை, உங்கள் பெயரையே கேள்விப்படாத பல்லாயிரம் பேர் பார்ப்பார்கள். ஸ்டீம் முகப்பில் பணம் கொடுத்து விளம்பர இடம் வாங்க வழியே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு தெரியும். வெளியான முதல் சில நாட்களில் வாங்குபவர்கள் திரண்டு வந்தால், இதற்கு ஆள் இருக்கிறது என்று கடையின் நிரல் புரிந்துகொண்டு இன்னும் பலருக்குக் காட்டும். வராவிட்டால் அடுத்த கேமுக்கு நகர்ந்துவிடும். அந்தத் திரட்சி மாதக்கணக்கில் சேர வேண்டியது. இரண்டு வாரத்தில் சேர்ந்த சில நூறு விஷ்லிஸ்ட்களோடு வெளியிடுவது, நீங்கள் செலவிட்ட உழைப்புக்கு நீங்களே இழைக்கும் அநீதி என்று கருதுகிறேன்.

இனி கடைப்பக்கம். அதை வேலை முடிந்தபின் நிரப்பும் படிவமாக எண்ணாமல், கேமின் ஒரு கட்டமாகவே எண்ணி உருவாக்குங்கள். ஒருவர் முதலில் பார்ப்பது கேப்சூல் எனப்படும் அட்டைப்படத்தை. முகப்பில் அது பெரிதாகத் தெரியலாம், ஆனால் பெரும்பாலான இடங்களில் அது ஒரு தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய அளவில்தான் தெரியும். ரயில் நிலையப் புத்தகக் கடையைக் கடந்து நடப்பவர் கண்ணில் ஓர் அட்டை எவ்வளவு நேரம் படுமோ அவ்வளவு நேரம்தான் அதற்குக் கிடைக்கும். ஆகவே படத்தை வரைந்ததும் விரல் அகலத்துக்குச் சுருக்கி, அதே வகையைச் சேர்ந்த பத்துக் கேம்களின் படங்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். பெயரைப் படிக்க முடிகிறதா, எந்த வகைக் கேம் என்று ஊகிக்க முடிகிறதா என்ற இரண்டையும் மட்டும் கவனியுங்கள். படத்தில் விருதுப் பெயர்கள், விமர்சன மதிப்பெண்கள், தள்ளுபடி அறிவிப்பு ஆகியவற்றை எழுதக் கூடாது என்பது 2022 செப்டம்பரிலிருந்து விதி. கையில் இருக்கும் சிறு தொகையை ஒரே ஓர் இடத்தில் செலவிடலாம் என்றால், நல்ல ஓவியர் ஒருவரிடம் இந்தப் படத்தை வரையச் சொல்வதற்குச் செலவிடுங்கள். நீங்கள் கேமுக்குள் பயன்படுத்திய ஓவியத்தைக் கத்தரித்து ஒட்டினால் அது கேப்சூல் ஆகிவிடாது.

அடுத்தது குறுவிவரணை. பக்கத்தின் வலப்புறம், அட்டைப்படத்துக்குக் கீழே வரும் இரண்டு மூன்று வரிகள் அவை. நீங்கள் அனுப்பிய வரைவில், 'மனத்தை அமைதிப்படுத்தும், அழகிய ஓவியங்கள் நிறைந்த, தனித்துவமான புதிர் அனுபவம்' என்று இருக்கிறது. இந்த வரியை ஆயிரம் கேம்களின் பக்கத்தில் ஒட்டலாம், எதற்கும் பொருந்தும். வாங்க வந்தவர் என்ன செய்யப்போகிறார் என்பது அதில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'மதகுகளைத் திறந்து மூடி, ஏரி நீரைக் கடைமடை வயல் வரை கொண்டுசேருங்கள். ஒரு வயலுக்குத் திருப்பிய நீர் இன்னொன்றுக்குக் கிடைக்காது. பயிர் வாடுவதற்குள் எல்லாருக்கும் பங்கு கிடைக்க வழி காணுங்கள்.' இதில் ஆடுபவரின் கை என்ன செய்கிறது என்பது இருக்கிறது, எது தடை என்பது இருக்கிறது, ஏன் அவசரம் என்பதும் இருக்கிறது. அழகு, அமைதி ஆகியவற்றை ஸ்க்ரீன்ஷாட்களே காட்டிவிடும். ஆங்கிலத்தில் இதை எழுதும்போதும் இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்; ஆங்கிலம் நன்கறிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்திவாங்குங்கள்.

ட்ரெய்லரின் முதல் ஐந்து நொடிகளுக்குள் நீர் ஓட வேண்டும். உங்கள் சின்னம், கேமை உருவாக்கப் பயன்படுத்திய என்ஜின் மென்பொருளின் சின்னம், கறுப்புத் திரையில் மெல்லத் தோன்றும் வாசகம் எல்லாம் கடைசியில் வரட்டும். மதகு திறக்கிறது, நீர் வாய்க்காலில் பாய்கிறது, ஒரு வயல் பசுமையாகிறது, அதே கணத்தில் இன்னொரு வயல் காய்கிறது என்ற நான்கு காட்சிகள் அடுத்தடுத்து வந்தால், பார்ப்பவருக்கு ஒரு சொல்லும் இல்லாமல் கேம் முழுவதும் புரிந்துவிடும். ஸ்க்ரீன்ஷாட்கள் குறைந்தது ஐந்து வேண்டும். அவை உண்மையில் ஆடும்போது தெரியும் திரைகளாக, பொத்தான்களும் எண்களும் தெரிவனவாக இருக்கட்டும். தொடக்கப் பக்கத்தையும் கதை உரையாடலையும் முன்னால் வைக்காதீர்கள், ஏனென்றால் பட்டியலில் உங்கள் படத்தின்மேல் சுட்டியைக் கொண்டுசெல்பவருக்கு இந்த ஸ்க்ரீன்ஷாட்கள்தான் மாறி மாறித் தெரியும், அங்கேயே அவர் முடிவெடுத்துவிடுவார்.

கேமின் வகையையும் தன்மையையும் குறிக்கும் சொற்களான டேக்குகளைப் பலர் அலட்சியமாக இடுகிறார்கள். மொத்தம் 20 இடலாம். எந்தக் கேமின் பக்கத்துக்குக் கீழே 'இதைப் போன்றவை' என்று உங்கள் கேம் காட்டப்படும் என்பதை டேக்குகள் பெருமளவு முடிவுசெய்கின்றன. 'இண்டி', 'சாகசம்' போன்ற பொதுவான டேக்குகளை முதலில் வைத்தால், தொடர்பே இல்லாத கேம்களுக்குப் பக்கத்தில் போய் நிற்பீர்கள். உங்கள் கேமை வாங்கக்கூடியவர் ஏற்கெனவே வாங்கியிருக்கும் கேம்கள் ஐந்தாறை எடுத்து, அவற்றின் டேக்குகளைப் பார்த்து, உண்மையில் பொருந்துவனவற்றை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே விரும்பத்தகாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்டீமில் தூய புதிர் கேம்களுக்கு வாங்குபவர்கள் குறைவு. நிர்வாகம், கட்டுமானம், உருவகப்படுத்தல், சீட்டுக்கட்டு, நண்பர்களோடு ஆடும் திகில் ஆகிய வகைகளுக்கு அங்கே பெருங்கூட்டம் இருக்கிறது; ஒருமுறை தீர்த்தால் முடிந்துவிடும் புதிருக்கு அப்படி இல்லை. எந்த வகைக் கேமை உருவாக்குவது என்று தேர்ந்தெடுத்த நாளிலேயே சந்தைப்படுத்தலின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அதை இனி மாற்ற முடியாது என்றாலும் உங்களிடம் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நீரைப் பங்கிடுவது, வயல்களின் தேவையைக் கணக்கிடுவது, வறண்ட ஆண்டுக்குச் சேமிப்பது ஆகியவை உங்கள் கேமில் உள்ளபடியே இருந்தால், அது நிர்வாகக் கேம்களை விரும்புபவர்களுக்கும் உரியது. கேமில் இல்லாததைச் சொல்லாமல், இருப்பதில் எதை முன்னால் வைப்பது என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அதே மூச்சில் இன்னொன்று. ஏரி, மதகு, கடைமடை என்ற தமிழ்நாட்டு அடையாளங்களை வெளிநாட்டவருக்குப் புரியாது என்று நீக்கிவிட்டு ஏதோ ஒரு கற்பனைக் கிராமமாக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா'வைத் தாமே வெளியிட்டார்கள். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாயொருத்தி, எழுத்து அழிந்துபோன தன் அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு உணவுகளை மீட்டெடுப்பதுதான் கேம். அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடிகிறது, சொன்னதும் படம் கண்முன் வருகிறது, வேறு எந்தக் கேமோடும் குழப்பிக்கொள்ள முடியாது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகக் கேமாக அது தேர்வானது. 18,000 கேம்களுக்கு நடுவே உங்களை வேறுபடுத்துவது அந்த மதகுதான்; அதை எடுத்துவிட்டால் நீர் பாயும் இன்னொரு புதிர்தான் மிஞ்சும்.

பக்கம் திறந்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை, கேமின் ஒரு பகுதியை இலவசமாக ஆடிப்பார்க்கத் தரும் டெமோ. ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற ஒரு வார விழா ஆண்டுக்கு மூன்று முறை, பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில் நடக்கிறது. வெளிவராத கேம்களின் டெமோக்களை அந்த வாரம் முழுவதும் கடை முன்னிறுத்தும். ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும், அதனால் அந்த வாய்ப்பை அவசரப்பட்டு வீணாக்கக் கூடாது. விழாவுக்குக் கையில் எதுவும் இல்லாமல் போனவர்கள் கையில் எதுவும் இல்லாமலே திரும்புகிறார்கள். ஏற்கெனவே விஷ்லிஸ்ட் சேர்த்திருப்பவர்களுக்கே அங்கே மேலும் சேர்கிறது. ஆகவே வெளியீட்டுக்குச் சற்று முன்பு வரும் விழாவைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள், டெமோவை அதற்குப் பல வாரங்கள் முன்பே வெளியிட்டு ஓட்டை உடைசல்களைச் சரிசெய்துவிடுங்கள். 2024 ஜூலையிலிருந்து டெமோவுக்குத் தனிக் கடைப்பக்கம் வைக்கலாம், டெமோ வந்திருக்கிறது என்று விஷ்லிஸ்ட்டில் சேர்த்தவர்களுக்கு அறிவிப்பும் அனுப்பலாம். முன்பு இல்லாத இந்த வசதி தனி ஆட்களுக்குப் பெரிய உதவி. 2024 பிப்ரவரியில் வெளியாகிப் பெருவெற்றி பெற்ற 'பலாட்ரோ'வை ஒரே ஆள் உருவாக்கினார். வெளியீட்டுக்கு முன்பே அதன் டெமோ கைமாறிக் கைமாறி ஆட்களைச் சேர்த்துவிட்டிருந்தது.

டெமோவை எங்கே முடிப்பது என்பதில் கவனம் தேவை. உங்கள் முதல் பத்துப் புதிர்களும் கற்பிக்கும் புதிர்கள் என்றால், அவற்றை மட்டும் வெட்டி டெமோவாகக் கொடுத்தால், வந்தவர் பாடம் மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவார். கற்பிக்கும் பகுதியைச் சுருக்கி, இரண்டு ஏரிகளின் நீரைச் சேர்க்கும் கட்டம் போன்ற சுவையான ஒன்றுவரை கொண்டுசென்று, அடுத்தது என்ன என்ற ஆவல் எழும் இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தும் திரையில் விஷ்லிஸ்ட் பொத்தான் இருக்க வேண்டும். வெளியிடுவதற்கு முன், கேமை அறியாத நான்கைந்து பேரை உங்கள் எதிரே உட்காரவைத்து ஆடச்சொல்லுங்கள். வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். மதகை இழுக்க வேண்டும் என்று தெரியாமல் அவர்கள் சொடுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போது உங்களுக்குச் சொல்லத் தோன்றும்; சொல்லிவிட்டால் அந்தக் குறை கேமிலேயே தங்கிவிடும்.

யூடியூபர்கள், கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமர்கள் விஷயத்துக்கு வருவோம். 'வேம்பயர் சர்வைவர்ஸ்' 2021 டிசம்பரில், முழுமையடையும் முன்பே விற்கும் ஏர்லி ஆக்செஸ் நிலையில் 3 டாலருக்கும் குறைவான விலையில் ஸ்டீமுக்கு வந்தது. அடுத்த மாதமே யூடியூபர்கள் அதை எடுத்து ஆட, உலகம் முழுவதும் பரவியது. 'அமாங் அஸ்' 2018இல் வெளியாகி இரண்டு ஆண்டுகள் அமைதியாகக் கிடந்து, 2020இல் ஸ்ட்ரீமர்களால் எழுந்தது. இரண்டாவது உதாரணத்தைக் காட்டி, காத்திருந்தால் வரும் என்று நம்ப வேண்டாம். அப்படிக் காத்திருந்து எழாதவற்றின் பெயர்களை யாரும் எழுதிவைப்பதில்லை. முதல் உதாரணத்தில் கற்க ஒன்று உண்டு. ஆடுவதைப் பார்ப்பவருக்கும் சுவை தரும் கேம் அது, ஆடுபவர் பேசிக்கொண்டே ஆட முடிகிறது.

உங்கள் வகைக் கேம்களை ஏற்கெனவே ஆடிய சேனல்களைத் தேடுங்கள். கோடிக்கணக்கான சந்தாதாரர்கள் உள்ளவரைவிட, இதே போன்ற புதிர்களைத் தொடர்ந்து ஆடும் நடுத்தரச் சேனல்கள் உங்களுக்கு அதிகம் பயன்படும். கடிதம் சிறியதாக இருக்கட்டும். 'வணக்கம். நீங்கள் ஆடிய ரயில்பாதைப் புதிரைப் பார்த்தேன். அதேபோல ஒரு சிறு முடிவு பத்து நிமிடம் கழித்துச் சிக்கலாக வந்து நிற்கும் கேம் ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிடுவது. இருபது நொடிக் காட்சி இணைப்பில் இருக்கிறது. டெமோ இலவசம், முழுக் கேமின் கீ இதோ' என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். கேமை இலவசமாகப் பெற உதவும் குறியீடான கீயைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வதைவிடக் கடிதத்திலேயே வைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் பதில் எழுத அவர்களுக்கு நேரம் இருக்காது. ஆனால் தாமாக வந்து கீ கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கேம் வெளியாகும் வாரத்தில் பிரபல சேனல்களின் பெயரில், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து, நான்கைந்து கீக்கள் கேட்டு மின்னஞ்சல்கள் வந்து குவியும். அவை கள்ளச்சந்தையில் விற்கப்படும். சேனலின் 'பற்றி' பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதி உறுதிசெய்த பிறகு கொடுங்கள்.

தமிழில் ஆடிப் பேசும் சேனல்களுக்கும் எழுதுங்கள். அவர்களைப் பார்ப்பவர்களில் பலர் கைபேசியில் ஆடுபவர்கள், ஸ்டீமில் வாங்குபவர்கள் குறைவாக இருக்கலாம். இருந்தாலும் மதகு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லாத பார்வையாளர்கள் அவர்கள். மொழிபெயர்ப்பு என்று வரும்போது, ஸ்டீமில் அதிகம் பயன்படும் முதலிரண்டு மொழிகள் ஆங்கிலமும் எளிய வடிவச் சீனமும். உங்கள் கேமில் உரை குறைவு என்பதால் சீனத்தில் கடைப்பக்கத்தையாவது மொழிபெயர்த்து வையுங்கள். கேமுக்குள் தமிழையும் சேர்த்துவிடுங்கள், அதற்கு உங்களுக்குச் செலவே இல்லை.

பதிப்பாளர் தேவையா என்ற கேள்விக்கு, என்ன வாங்குகிறீர்கள் என்று பார்த்துப் பதில் சொல்லுங்கள். கேமை முடிக்க முன்பணம், கன்சோல்களுக்கு மாற்றித்தருவது, பல மொழிகளில் மொழிபெயர்ப்பு, தரச்சோதனை ஆகியவற்றில் ஒன்று உங்களுக்குத் தேவைப்பட்டு, அதை அவர் உண்மையாகவே தருகிறார் என்றால் போகலாம். பலாட்ரோவும் ஒரு பதிப்பாளர் வழியாகத்தான் வந்தது. 'ஸ்டார்ட்யூ வேலி' 2016இல் பதிப்பாளரோடு வெளியாகி, பிறகு அதை உருவாக்கியவர் கணினிப் பதிப்பின் வெளியீட்டுப் பொறுப்பைத் தானே ஏற்றார். ஆனால் கேம் முடிந்த நிலையில், ஸ்டீமில் ஏற்றி ஒரு செய்தி வெளியிடுவதற்காக மட்டும் வருமானத்தில் 30 சதவீதம் கேட்பவர்களுக்குக் கையெழுத்திட வேண்டாம். அந்த வேலையை நீங்களே செய்துவிட முடியும். எந்த ஒப்பந்தமானாலும், அவர் செலவழித்ததாகச் சொல்லும் தொகையைக் கழித்த பிறகுதான் உங்கள் பங்கு வருமா, உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்ற இரண்டு இடங்களையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிப் படியுங்கள்.

பணக் கணக்கை முன்கூட்டியே போட்டுவையுங்கள், ஏனென்றால் விலைச்சீட்டில் இருப்பதற்கும் வங்கிக்கு வருவதற்கும் பெரிய தூரம். பிரிட்டனில் 10 பவுண்டுக்கு ஒரு பிரதி விற்றால், அந்த விலைக்குள்ளேயே 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கிறது. அது போக நிற்பது 8 பவுண்டு 33 பென்ஸ். அதில் ஸ்டீமின் 30 சதவீதம் போனால் 5 பவுண்டு 83 பென்ஸ். இந்தியா போன்ற நாடுகளில் ஸ்டீம் பரிந்துரைக்கும் விலையே குறைவு, அதற்கு மேல் தள்ளுபடிகள், திரும்பப் பெறப்பட்ட பிரதிகள். ஸ்டீமின் பங்கு 1 கோடி டாலர் வருமானத்தைத் தாண்டிய பிறகுதான் 25 சதவீதமாகக் குறையும், அதைப் பற்றி நாம் இப்போது கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவில் நடக்கும் விற்பனையில் வெளிநாட்டவரின் வருமானத்துக்கு வழக்கமாக 30 சதவீத வரி பிடிப்பார்கள். பதிவின்போது வரும் வரிப் படிவத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்து இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் கோரினால், பதிப்புரிமை வருமானத்துக்கு அது 15 சதவீதமாகும். பான் அட்டையில், வங்கிக் கணக்கில், ஸ்டீம் பதிவில் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். தலைப்பெழுத்தை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதும் நம் வழக்கம் இந்தச் சரிபார்ப்பில் வாரக்கணக்கில் தாமதத்தை உண்டாக்கும். ஜிஎஸ்டி, இந்திய வருமான வரி ஆகியவற்றை ஒரு பட்டயக் கணக்காளரிடம் வெளியீட்டுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலையை மிகக் குறைவாக வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. மலிவு என்பதற்காக மட்டும் யாரும் புதிர் கேம் வாங்குவதில்லை. தள்ளுபடி தர இடம் இல்லாத விலை, பின்னாளில் விஷ்லிஸ்ட் மின்னஞ்சல்களின் பயனையும் குறைத்துவிடும். வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் யாரும் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 2015 முதல் விதி. உங்கள் கேம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றால் இந்த விதி உங்களை உறுத்தலாம். ஆனாலும் வெற்று நடையால் அதை நீட்டாதீர்கள். கேம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுவது நேர்மை.

வெளியீட்டு நாளில் பொத்தானை நீங்கள்தான் அழுத்துவீர்கள். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி வசதியான நேரம். கோடையில் அது நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. ஜூன் இறுதியிலும் டிசம்பர் இறுதியிலும் வரும் பெருந்தள்ளுபடி நாட்களைத் தவிர்த்து, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது உடைந்தால் சரிசெய்ய வார இறுதிக்கு முன் நேரம் கிடைக்கும். 10 சதவீத அறிமுகத் தள்ளுபடி போதும், அதை வெளியிடுவதற்கு முன்பே அமைத்துவிட வேண்டும். அது முடிந்தபின் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு வேறு தள்ளுபடி தர முடியாது. 10 விமர்சனங்கள் வந்த பிறகுதான் பக்கத்தில் மதிப்பீடு தெரியத் தொடங்கும், கீ மூலம் பெற்றவர்கள் எழுதுவது அந்த மதிப்பீட்டில் சேராது. உறவினர்களை எழுதவைப்பதோ கீ கொடுத்து விமர்சனம் பெறுவதோ விதிமீறல், அதனால் பக்கமே நீக்கப்படலாம். வாங்கி ஆடியவர்களிடம் கேமின் முடிவுத் திரையில் பணிவாக ஒருமுறை கேட்பதில் தவறில்லை.

முதல் வாரத்தில் வரும் எதிர்மறை விமர்சனங்களில் 'சேமித்த ஆட்டம் அழிந்துவிட்டது', 'திரை முழுதும் தெரியவில்லை' போன்றவை இருந்தால், அன்றே திருத்தத்தை ஏற்றிவிட்டு, அந்த விமர்சனத்தின் கீழேயே திருத்தியதைத் தெரிவியுங்கள். பலர் தங்கள் மதிப்பீட்டை மாற்றிக்கொள்வார்கள். 'எனக்குப் புதிர் பிடிக்கவில்லை' என்பவரோடு வாதாட வேண்டாம். ஒரு மாதம் கழித்து 20 சதவீதத் தள்ளுபடியில் தொடங்கி, பருவகால விற்பனைகளில் மெல்ல மெல்லக் கூட்டிச் செல்லுங்கள். ஒவ்வொரு தள்ளுபடியின்போதும் இன்னும் வாங்காமல் விஷ்லிஸ்ட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீம் மறுபடியும் எழுதும். புதிய ஏரி, புதிய பருவம் என்று ஏதாவது சேர்க்கும் எண்ணம் இருந்தால், அதை வெளியிடும் தேதியை இந்தத் தள்ளுபடிகளில் ஒன்றோடு பொருத்திவையுங்கள். இப்போதைக்கு, 100 டாலரைக் கட்டிப் பதிவைத் தொடங்கிவிட்டு, கேப்சூலுக்கு ஓவியரைத் தேடுங்கள். பக்கத்தைச் சமர்ப்பிக்கும் முன் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.